படுத்தால் நிமிரும் முதுகு: கூன் விழுவதில் தசையின் பங்கு

பர்மாவில் பெகு பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என் அப்பத்தாவை விடியற்காலையில் பார்க்கிறவர்களுக்கு அவர் கூன் விழுந்தவர் என்றே தோன்றாது. வாசல் தெளித்துவிட்டு நிமிர்ந்து நின்று, கிழக்கே பார்த்துத் திருநீறு பூசிக்கொள்வார். பத்து மணிக்குமேல் தோள் முன்னால் சரியத் தொடங்கும். மாலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகும்போது இடது கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டு, தரையில் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவரைப்போல நடப்பார். இருபது அடிக்கு ஒருமுறை நின்று, ஊன்றிய கையை அழுத்தி உடம்பை மேலே தள்ளி, ஒரு மூச்சுநேரம் நிமிர்ந்துவிட்டு மறுபடியும் சாய்வார். அவர் கட்டும் லுங்கிகள் எல்லாவற்றிலும் இடது தொடைப்பக்கம் மட்டும் சாயம் வெளுத்திருக்கும். இரவு பாயில் மல்லாந்து படுத்துவிட்டாலோ முதுகு முழுவதும் தரையோடு படிந்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மருந்தகத்தில் அவரைப் படுக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். “வயசாச்சு, எலும்பு தேஞ்சுபோச்சு” என்று சொல்லிக் கால்சியம் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். எங்கள் ஊரில் கூன் என்றாலே எலும்புத் தேய்மானம் என்றுதான் பேச்சு. வைத்தியரும் அப்படித்தான் சொல்வார், பக்கத்து வீட்டாரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் காலையில் இல்லாத எலும்புத் தேய்மானம் மாலையில் எங்கிருந்து வருகிறது? தேய்ந்து வளைந்துபோன எலும்பு பாயில் படுத்ததும் எப்படி நேராகிறது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், எக்ஸ்ரே படத்தில் சரியாகத் தெரியாத ஓர் உறுப்பிடம்தான் போய்ச் சேர வேண்டியிருக்கிறது. அது முதுகுத் தசை.

முதுகெலும்பு என்ற சொல்லே நம்மை ஏமாற்றுகிறது. ஏதோ ஒரே எலும்பு தூண்போல நிற்பதாக நினைக்கவைக்கிறது. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்புப் பகுதியில் 5 என்று அசையக்கூடிய 24 முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, இடையிடையே டிஸ்க் எனப்படும் மெத்தை போன்ற வட்டுகளும், சுற்றிலும் இணைப்பு நார்களும் வைத்துக் கட்டப்பட்ட அடுக்கு அது. தசைகளையெல்லாம் நீக்கிவிட்டு எலும்பும் நாருமாக மட்டும் அந்த அடுக்கை நிறுத்தினால் எவ்வளவு பாரம் தாங்கும் என்று ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்த்திருக்கிறார்கள். மார்பும் இடுப்பும் சேர்ந்த நீளத்துக்கு, உச்சியில் ஏறத்தாழ 2 கிலோ வைத்தாலே வளைந்து சாய்ந்துவிடும் என்று 1961இல் லூக்காஸ், பிரெஸ்லர் என்ற இருவர் கண்டறிந்தார்கள். இடுப்புப் பகுதியை மட்டும் தனியே எடுத்துச் சோதித்த 1990களின் ஆய்வில் அது ஏறத்தாழ 9 கிலோ வரை தாங்கியது. மனிதத் தலை ஒன்றே நான்கைந்து கிலோ இருக்கும். ஆகவே உயிரோடு இருக்கும் ஒருவர் நிமிர்ந்து நிற்கிறார் என்றால் பாய்மரத்தை நாலாபக்கமும் இழுத்துப் பிடிக்கும் கயிறுகளைப்போலத் தசைகள் ஓயாமல் இழுத்துக்கொண்டிருக்கின்றன என்றுதான் பொருள்.

இந்தக் கயிறுகளில் இரண்டு வகையை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். தோலுக்குச் சற்று உள்ளே, முதுகின் இரு பக்கமும் நீளவாக்கில் ஓடுபவை எரக்டர் ஸ்பைனே தசைகள். உடம்பை நிமிர்த்தும் பெரும்பலம் இவற்றுடையது. அவற்றுக்கும் அடியில், எலும்பை ஒட்டி, ஒவ்வொரு முள்ளெலும்பிலிருந்தும் புறப்பட்டு இரண்டு முதல் ஐந்து எலும்பு தாண்டிக் கீழே போய்ப் பற்றிக்கொள்ளும் குட்டையான தடித்த தசைக்கட்டுகள் மல்டிஃபிடஸ் எனப்படுகின்றன. பெரிய தசை மொத்த முதுகையும் தூக்குகிறது. இந்தச் சின்னது, ஒவ்வொரு எலும்பும் தன் கீழுள்ள எலும்பின்மேல் நழுவாமல் பிடித்துக்கொள்கிறது. இந்தச் சின்னதுக்கு ஒரு பலவீனமும் உண்டு. ஒரு முள்ளெலும்பிலிருந்து இறங்கும் மல்டிஃபிடஸ் கட்டுக்கு அந்த எலும்பின் மட்டத்து நரம்புக் கிளை ஒன்று மட்டுமே உணர்வும் ஆணையும் கொடுக்கிறது. அந்த ஒரு நரம்பு நசுங்கினால் அல்லது அறுபட்டால் அந்தக் கட்டு அனாதை.

தசை ஏன் இவ்வளவு பலமாக இழுக்க வேண்டும் என்பதற்கு யாங்கோன் தெருவில் தண்டு சுமந்து விற்கிறவர்களைப் பார்த்தால் போதும். தோளில் மூங்கில் தண்டு, இரு முனையிலும் கூடை. இரண்டும் சம எடையாக இருந்தால் தண்டின் நடுவில் தோள் கொடுக்கலாம். முன்கூடை தோளிலிருந்து தூரத்திலும் பின்கூடை மிக அருகிலும் தொங்கினால், பின்கூடையில் பல மடங்கு கனம் ஏற்றினால்தான் தண்டு சமமாக நிற்கும். முதுகில் நடப்பதும் இதுவே. டிஸ்க்கின் நடுப்புள்ளிதான் தோள்; அதற்குப் பின்னால் ஏறத்தாழ 5 செ.மீ. தூரத்தில் இழுக்கும் தசைதான் பின்கூடை. 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இடுப்புக்கு மேலுள்ள உடம்பு சுமார் 25 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பாரத்தின் மையம் டிஸ்க்குக்கு நேர்மேலே இருந்தால் தசைக்கு வேலையே குறைவு. மையம் 10 செ.மீ. முன்னால் போனால் தசை 50 கிலோவுக்கு இழுக்க வேண்டும். கீழே உள்ள டிஸ்க், உடம்பின் பாரத்தையும் தசையின் இழுப்பையும் சேர்த்து 75 கிலோவைத் தாங்க வேண்டும். 20 செ.மீ. போனால் தசைக்கு 100, டிஸ்க்குக்கு 125. உடம்பின் எடை ஒரு கிராம்கூடக் கூடவில்லை. சாய்ந்ததற்கு விலை மட்டும் இப்படி ஏறுகிறது.

தசை நலிவுக்கும் கூனுக்கும் உள்ள உறவின் முடிச்சு இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. தசை கொஞ்சம் பலம் குறைந்தால் உடம்பு கொஞ்சம் முன்னால் சாயும். சாய்ந்ததனாலேயே தசைக்கு முன்பைவிட அதிக வேலை வந்து சேரும். நலிந்த தசையால் அதைச் செய்ய இயலாமல் மேலும் சாயும். நாள் முழுவதும் இழுத்து ஓய்ந்த தசை மாலையில் கைவிடுவதும், இரவில் பாரம் இறங்கியதும் முதுகு நேராகிவிடுவதும் இதனால்தான். பல ஆண்டுகள் இப்படியே போனால், முன்பக்கம் எப்போதும் நசுங்கும் டிஸ்க்குகள் ஆப்புவடிவில் தேய்கின்றன. முள்ளெலும்புகளின் ஓரங்களில் புது எலும்பு வளர்ந்து ஒன்றோடொன்று கோத்துக்கொள்கிறது. முன்பக்க நார்கள் சுருங்கிவிடுகின்றன. அதற்குப்பின் படுத்தாலும் நிமிராது. எக்ஸ்ரேயில் அப்போது தெரிவதைத்தான் நாம் எலும்புத் தேய்மானம் என்கிறோம். பொய்யில்லை, ஆனால் கதையின் பின்பாதி மட்டும் அது.

தசை நலிவு என்றால் தசை இளைப்பது என்று மட்டும் எண்ணக்கூடாது. கசாப்புக் கடையில் இளம் ஆட்டின் முதுகுக்கறியையும் கிழட்டு ஆட்டின் முதுகுக்கறியையும் அருகருகே வைத்துப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். பின்னதில் சிவப்புக்கு நடுவே வெள்ளைக் கோடுகள் ஓடியிருக்கும். மனித முதுகிலும் தசைநார்கள் அழிந்த இடத்தில் கொழுப்பும் நாருமாக வந்து உட்கார்ந்துகொள்கின்றன. வெளியிலிருந்து தடவிப் பார்த்தால் முதுகு பழைய பருமனிலேயே இருக்கலாம், எம்.ஆர்.ஐ. படத்தில்தான் சாம்பல் நிறத் தசைக்குள் வெண்மையான கொழுப்பு புகுந்திருப்பது தெரியும். இடுப்பின் கடைசி இரண்டு மட்டங்களில், அதிலும் எலும்பை ஒட்டிய மல்டிஃபிடஸின் உள்ளோரத்தில், இது பெரும்பாலும் முதலில் தென்படுகிறது. சாதாரண எக்ஸ்ரே எலும்பைக் காட்டுவதற்கென்றே ஏற்பட்ட கருவி. அதை மட்டுமே பார்த்துப் பழகிய கண் எலும்பையே குற்றவாளியாக்குவதில் வியப்பில்லை.

நலிவுக்கு முதல் காரணம் வயது. முப்பது வயதுக்குமேல் பத்து ஆண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை உடம்பின் தசை குறைகிறது என்றும், அறுபதுக்குப்பின் வேகம் கூடுகிறது என்றும் பொதுவாகச் சொல்கிறார்கள். இதற்கு சார்கோபீனியா என்ற பெயரை 1989இல் இர்வின் ரோசன்பெர்க் வைத்தார். ஆனால் வயது எல்லோருக்கும் ஏறுகிறது, கூன் எல்லோருக்கும் விழுவதில்லை. ஆகவே மற்றக் காரணங்களைப் பார்க்காமல் விட முடியாது.

அவற்றுள் நான் முக்கியமாகக் கருதுவது, மறந்துபோன பழைய இடுப்பு வலி. ஆஸ்திரேலியாவில் ஜூலி ஹைட்ஸும் அவர் குழுவினரும் 1990களில், முதல்முறையாக இடுப்பு வலி கண்டவர்களின் மல்டிஃபிடஸை அல்ட்ராசவுண்டால் அளந்தார்கள். வலித்த பக்கத்தில், வலித்த மட்டத்தில் மட்டும் தசை சிறுத்திருந்தது. நான்கு வாரத்தில் வலி பெரும்பாலும் போய்விட்டது; தனிப் பயிற்சி செய்யாதவர்களுக்குப் பத்தாவது வாரத்திலும் தசை திரும்பவில்லை. பன்றிகளில் டிஸ்க்கையோ நரம்பையோ காயப்படுத்திப் பார்த்த 2006ஆம் ஆண்டுச் சோதனை ஒன்றில் மூன்றே நாளில் மல்டிஃபிடஸ் சிறுத்தது. வலி போனதும் வேலைக்குத் திரும்பிவிடுகிறோம். தசை திரும்பியதா என்று யாரும் பார்ப்பதில்லை. முப்பது வயதில் நெல்மூட்டை தூக்கும்போது பிடித்துக்கொண்டு, தைலம் தேய்த்து ஒரு வாரத்தில் சரியான இடுப்புதான், அறுபதில் நிற்க மறுக்கிறது என்று சொன்னால் அது மிகையாகிவிடும். அப்படி நேரடியாக முடிச்சுப் போட இந்த ஆய்வுகள் போதா. ஆனால் அந்தத் திசையில் அவை கைகாட்டுகின்றன.

இனி வயலுக்கு வருவோம். 1852இல் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனபின்னும், 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின்னும், ஐராவதிப் படுகையின் சதுப்புக்காடுகள் நெல்வயலாக மாறின. அந்த நெல்லை நட்டு அறுத்து மூட்டை சுமந்த கைகளில் தஞ்சாவூர், இராமநாதபுரம் பக்கத்துக் கைகளும் உண்டு. இன்றும் பெகு, தன்லியின் சுற்று வட்டாரத் தமிழ்க் கிராமங்களில் மழைக்காலம் வந்தால் பெண்கள் நடவுக்கு இறங்குகிறார்கள். கணுக்கால் மூழ்கும் சேற்றில் முழங்காலை மடக்காமல் இடுப்பிலிருந்து குனிந்து, இடக்கையில் நாற்று முடியும் வலக்கையில் நடும் விரலுமாகப் பின்னோக்கி நகரும் வேலை அது. அப்பத்தா பதின்மூன்று வயதில் இறங்கி அறுபதுக்குமேல் கரையேறினார்.

“உழைச்சு உழைச்சுத் தசை தேஞ்சுபோச்சு” என்று நாம் சொல்வது இங்கேதான் சற்றுத் தடுமாறுகிறது. உழைக்கும் தசை பருக்க வேண்டும். மூட்டை தூக்குகிறவரின் தோள் பருக்கிறதே? விடை 1950களில் ஃபிளாய்ட், சில்வர் என்ற இருவர் தசையின் மின்னோட்டத்தை அளந்து கண்ட ஒரு விந்தையில் இருக்கிறது. நிற்கும் மனிதர் குனியத் தொடங்கும்போது முதுகுத் தசை மும்முரமாக வேலை செய்கிறது. முழுவதும் குனிந்து தொங்கும் நிலைக்கு வந்ததும் அது திடீரென்று அடங்கிவிடுகிறது. அந்த நிலையில் உடம்பின் மேற்பாதியை முதுகெலும்பின் நார்களும், டிஸ்க்குகளும், தசையைச் சுற்றிய உறையும் தாங்கிக்கொள்கின்றன. ஆக, ஆழக் குனிந்து நடவு செய்யும் பெண்ணின் முதுகுத் தசை நீளமாக இழுபட்ட நிலையில் வேலையின்றித் தொங்குகிறது. பாதி நிமிர்ந்து பாதி குனிந்திருக்கும் நேரங்களிலோ, தசையின் உறைக்குள் அழுத்தம் ஏறி இரத்த ஓட்டம் குறைகிற நிலையில் அதிக வேலை செய்கிறது. ஒரு பக்கம் நார்கள் தளர்கின்றன, மறுபக்கம் தசை பட்டினியில் உழைக்கிறது. பலம் கூட்டுகிற உழைப்பு என்று எதைச் சொல்வோமோ, அதாவது பாரத்தைத் தூக்கி இறக்கி ஓய்வெடுத்து மறுபடி தூக்குவது, அது நாள் முழுவதும் நடப்பதேயில்லை.

இந்த முதுகை ஜப்பானியர்கள் நம்மைவிட முன்பே கூர்ந்து பார்த்துவிட்டார்கள். அங்கும் கொரியாவிலும் வயலில் குனிந்தே வாழ்ந்த நடுவயதும் முதுமையுமான பெண்களிடம், இடுப்பின் இயல்பான உட்குழிவு மறைந்து முன்னோக்கிச் சாயும் ஒருவகைக் கூன் மிகுதியாகக் காணப்பட்டது. தாகெமிட்சு என்ற மருத்துவரும் உடனிருந்தவர்களும் 1988இல் இதை விரிவாக எழுதினார்கள். எம்.ஆர்.ஐ. பரவலாகாத அந்தக் காலத்திலேயே, இந்தப் பெண்களின் இடுப்பு நிமிர்த்தும் தசைகள் சிறுத்துக் கொழுப்பேறியிருப்பதை அவர்கள் சுட்டிக்காட்டினார்கள். நோயைக் கண்டுகொள்ள அவர்கள் சொன்ன அடையாளங்கள் எந்தக் கருவியும் வேண்டாதவை: நடக்க நடக்கக் குனிவு கூடும், கனமான பொருளை முன்னால் பிடித்துத் தூக்க முடியாது, மேடேறுவது கடினம், சமையலறையில் பாத்திரம் கழுவும்போது முழங்கையைத் தொட்டிவிளிம்பில் ஊன்றாமல் நிற்க முடியாது, அதனால் முழங்கையில் தோல் காய்த்துப்போயிருக்கும்.

இதைப் படித்தபோது எனக்கு அப்பத்தாவின் லுங்கிதான் நினைவுக்கு வந்தது. எங்கள் கிராமத்து அடுப்படி தரையோடு இருக்கும். தொட்டியும் கிடையாது, ஊன்ற விளிம்பும் கிடையாது. ஊன்றுவதற்கு இருந்தது சொந்தத் தொடை ஒன்றுதான். தேநீர்க் கடைகளில் போடும் ஒரு சாண் உயரப் பிளாஸ்டிக் முக்காலியிலிருந்து வயதானவர்கள் எழுவதைக் கவனித்தாலும் இது தெரியும். இரு கையையும் முழங்காலில் வைத்து, பிறகு தொடையில் மேலேற்றி, உடம்பைத் தானே படிப்படியாக ஏணி ஏற்றுவதுபோல எழுகிறவருக்கு இடுப்பும் முதுகும் நிமிர்த்தும் தசைகள் கைவிட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

உடம்பு சாய்வை அப்படியே ஏற்றுக்கொண்டு இருந்துவிடுவதில்லை. பார்வை நேராக இருக்க வேண்டும், பாரம் பாதத்துக்குமேல் விழ வேண்டும் என்ற இரண்டுக்காகவும் வேறெதையெல்லாமோ விட்டுக்கொடுக்கிறது. முதலில் இடுப்புக்கூட்டைப் பின்னால் சுழற்றுகிறது. பிட்டம் தட்டையானதுபோல் தோன்றும். அது போதாதபோது முழங்காலை மடக்கி நிற்கிறது. கழுத்தைப் பின்னால் வளைத்து முகத்தைத் தூக்குகிறது. ழான் துபூசே என்ற பிரெஞ்சு மருத்துவர் இதை ஒரு கூம்பாகக் கற்பனை செய்தார்: பாதங்கள் கூம்பின் முனையில்; அதற்குமேல் உடம்பு ஒரு சிறு வட்டத்துக்குள் அசையும்வரை நிற்பதற்கு ஆகும் செலவு குறைவு; வட்டத்தின் ஓரத்துக்குப் போகப் போகத் தசைச் செலவு ஏறும்; வட்டத்தைத் தாண்டினால் கோலோ சுவரோ வேண்டும். மருத்துவர்கள் இதை அளக்க, நின்றபடி பக்கவாட்டில் எடுத்த முழுநீள எக்ஸ்ரேயில், கழுத்தின் ஏழாம் முள்ளெலும்பிலிருந்து கொத்தனார் தூக்குக்குண்டு விடுவதுபோல ஒரு நேர்க்கோடு இறக்குகிறார்கள். அந்தக் கோடு இடுப்புக்கூட்டின் பின்னெலும்பு மேல்விளிம்பிலிருந்து 5 செ.மீ.க்கும் மேல் முன்னால் விழுந்தால் நிலை தவறியதாகக் கொள்கிறார்கள். கோடு முன்னால் போகப்போக வலியும் இயலாமையும் கூடுவதைப் பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

எலும்பை முழுவதும் விடுதலை செய்துவிடவும் கூடாது. மாதவிலக்கு நின்றபின் எலும்பு மெலிந்து, முள்ளெலும்பின் முன்பக்கம் சப்பையாக நொறுங்கி, அதனால் கூன் விழும் பெண்கள் நிறையப்பேர். ஆனால் அமெரிக்காவில் முதியவர்களை வைத்து 2004இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கூன் மிக அதிகமாக இருந்தவர்களிலும் பெரும்பாலோருக்கு எலும்பு முறிவு இல்லை. முறிவு இருக்கிறவர்களிடமும் தசைக்குப் பங்குண்டு என்பதை மேயோ கிளினிக்கின் மெஹர்ஷீத் சினாகி பல ஆண்டு உழைத்துக் காட்டினார். மாதவிலக்கு நின்ற பெண்கள் இரண்டு ஆண்டுகள் முதுகு நிமிர்த்தும் பயிற்சி செய்தார்கள். பயிற்சியை விட்டு எட்டு ஆண்டுகளுக்குப்பின் படம் எடுத்தபோது, செய்தவர்களின் முள்ளெலும்புகளில் 1.6 விழுக்காடும் செய்யாதவர்களின் முள்ளெலும்புகளில் 4.3 விழுக்காடும் நொறுங்கியிருந்தன. கலந்துகொண்டவர்கள் ஐம்பது பேர்தான், சிறிய எண். ஆயினும் தசை எலும்பைக் காக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று அரிது.

வேறு பாதைகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நின்றால் கூனி, படுத்தால் நேராகும் முதுகை 1915இல் பிரெஞ்சு மருத்துவர் சூக்கும் உடன் எழுதியவரும் போர்வீரர்களிடம் கண்டு கேம்ப்டோகார்மியா என்று பெயரிட்டார்கள். வெகுகாலம் அதை மனத்தின் கோளாறு என்றே தள்ளிவைத்தார்கள். இன்று அது பார்க்கின்சன் நோயிலும், முதுமையில் வரும் சில தசை அழற்சிகளிலும், முதுகுத் தசையை மட்டும் தாக்கும் சில தசை நோய்களிலும் வருவதாகத் தெரியும். சிறு பையன்களைத் தாக்கும் டுஷென் தசைச்சிதைவில், நடை நின்று சக்கர நாற்காலிக்கு வந்தபின் முதுகு பக்கவாட்டில் வளையத் தொடங்குகிறது. நிறுத்திப் பிடிக்கத் தசை இல்லாத எலும்பு அடுக்கு என்னவாகும் என்பதற்கு அது கண்கூடான சான்று. பருவவயதுப் பெண்பிள்ளைகளுக்கு வரும் பக்கவளைவு வேறு வகை. அங்கும் வளைவின் குழிந்த பக்கத்துத் தசையில் கொழுப்பு மிகுந்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள். ஆனால் வளைவால் தசை கெட்டதா, தசையால் வளைவு வந்ததா என்பது அங்கே தீராத வழக்கு.

பர்மாவில் இருந்துகொண்டு இதை எழுதுகிறவன் ஒன்றைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். காசநோய் மிகுந்த நாடுகளின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனம் இந்த நாட்டையும் வைத்திருக்கிறது. காசநோய் முதுகெலும்பில் இறங்கினால் ஒன்றிரண்டு முள்ளெலும்புகள் அரித்து உட்கார்ந்து, முதுகில் ஓரிடத்தில் முட்டிபோலக் கூராகப் புடைக்கும். தசையால் வரும் கூன் நீண்ட வில்லாக இருக்கும், படுத்தால் போகும். இது படுத்தாலும் போகாது. காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைவு, காலில் மரப்பு ஆகியவற்றில் ஏதேனும் சேர்ந்து வந்தால் பயிற்சி, தைலம் என்று நாளைக் கடத்தாமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

தசைக் கூனைக் கண்டறிவதில் பெரும்பிழை, அப்பத்தாவுக்கு நடந்ததைப்போலப் படுக்கவைத்து மட்டும் படம் எடுப்பது. எந்த நிலையில் நோய் மறைகிறதோ அந்த நிலையில் வைத்துத் தேடுவது அது. நிற்கவைத்து ஒரு படம், பத்து நிமிடம் நடக்கவைத்து மறுபடி நிற்கவைத்து ஒரு படம், படுக்கவைத்து ஒன்று என மூன்றையும் ஒப்பிட்டால் எவ்வளவு தசையின் குறை, எவ்வளவு இறுகிப்போன எலும்பின் குறை என்று பிரித்துவிடலாம். வீட்டிலேயே செய்யக்கூடியது சுவர்ச் சோதனை. குதிகாலும் பிட்டமும் சுவரில் படும்படி நின்று, முகத்தைத் தூக்காமல் நேரே பார்த்தால், பின்தலைக்கும் சுவருக்கும் எத்தனை விரல் இடைவெளி என்று அளப்பது. காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் அளக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் வளைவு இறுகிவிட்டது. மாலையில் கூடினால் தசை சம்பந்தப்பட்டிருக்கிறது.

வளைவு இறுகாதவரை தசைக்குச் செய்ய முடிந்தது உண்டு. ஆனால் எந்தப் பயிற்சி என்பது முக்கியம். கால்விரலைத் தொடுவது, மல்லாந்து படுத்து எழுந்து உட்காருவது போன்ற குனியும் பயிற்சிகளை எலும்பு மெலிந்த முதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், அது கேடு. சினாகி 1984இல் வெளியிட்ட ஆய்வில், எலும்பு மெலிந்த பெண்களில் நிமிரும் பயிற்சி செய்தவர்களுள் 16 விழுக்காட்டினருக்குப் புது முறிவோ சப்பையோ ஏற்பட்டது. குனியும் பயிற்சி செய்தவர்களுள் 89 விழுக்காட்டினருக்கு. பயிற்சியே செய்யாதவர்களுள் 67 விழுக்காட்டினருக்கு. சும்மா இருந்தவர்களைவிடக் குனிந்தவர்களுக்குக் கேடு கூடுதல். பொருத்தமானது, அடிவயிற்றின்கீழ் மடித்த போர்வை வைத்துக் குப்புறப் படுத்து, தலையையும் மார்பையும் பாயிலிருந்து இரண்டு விரல் உயர்த்தி மெல்ல இறக்குவது. முடியாதவர்கள் சுவரில் முதுகைச் சாய்த்துத் தோளைப் பின்னால் அழுத்துவது. தசை பாரத்துக்குத்தான் பதில் சொல்லும் என்பதால், பல மாதம் கழித்துப் பயிற்சியாளர் பார்வையில் முதுகில் சிறு மணல்பை ஏற்றலாம். பருப்பும் மீனும் முட்டையும் குறைந்த தட்டில் எந்தப் பயிற்சியும் தசையாகாது. கொழுப்பாகிவிட்ட பகுதி பெரும்பாலும் திரும்புவதில்லை. மிஞ்சிய தசையைப் பலப்படுத்துவதுதான் நடக்கும். இடுப்புப் பட்டை நடவு நாளிலும் நெடும்பயணத்திலும் உதவும். தசை செய்ய வேண்டியதை அது செய்துவிடாது.

அறுவைச் சிகிச்சையைப் பற்றி இங்கே மிகை நம்பிக்கை இருப்பதால் ஒரு வார்த்தை. கம்பியும் திருகும் வைத்து முதுகை நிமிர்த்த முடியும். இறுகிப்போன, நடக்கவிடாத கூனுக்கு அதுவே வழியாக இருக்கலாம். ஆனால் பின்பக்கம் திறந்து செய்யும் அறுவை அந்தத் தசையையே எலும்பிலிருந்து உரித்து, மணிக்கணக்கில் இடுக்கியால் விலக்கிப் பிடித்து, நரம்புக் கிளைகளைச் சிதைக்கிறது. கம்பி முடியும் இடத்துக்கு மேலே தாங்கத் தசை இல்லாதபோது அங்கிருந்து புதிதாக ஒரு கூன் கிளம்புவது அறுவை மருத்துவர்கள் நன்கறிந்த சிக்கல். அதனால்தான் இப்போது அறுவைக்கு முன்பே எம்.ஆர்.ஐ.யில் தசை எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்க்கும் வழக்கம் வளர்ந்துவருகிறது.

அப்பத்தா வீட்டுச் சுவரில் கரித்துண்டால் இரண்டு வரிசைக் கோடுகள் இழுத்திருக்கிறோம், காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று. பயிற்சி தொடங்கிய வாரத்தில் காலையில் இரண்டு விரல், மாலையில் ஆறு. அடுத்த நடவு தொடங்கும்போது காலையில் இரண்டேதான், மாலையில் நாலரை. “அந்த அரை விரலையும் எழுதுடா” என்றார். லுங்கியில் தொடைப்பக்கம் இன்னும் வெளுத்துக்கொண்டுதான் இருக்கிறது.